குக்கர் மூடியின் வளையத்தில் நோன்புக் கஞ்சி வாசம். பெருநாள் வட்டிலப்பம் பாழ். வழி சொல்லுங்கள்

வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். பெருநாள் முடிந்து மூன்று நாளாகிறது. என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2022 இல் எரிவாயுச் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காத்துக் கிடந்தோமே, அந்தக் காலத்தில் கட்டாரிலிருந்து வந்த என் தம்பி ஆறு லீட்டர் மின்சார அழுத்தக் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்தான். அப்போது மின்சாரமும் ஒரு நாள் பதின்மூன்று மணிநேரம் நின்றது. எரிவாயு இல்லாதவளுக்கு மின்சார அடுப்பு, மின்சாரம் இல்லாதவளுக்கு விறகு என்று மாறி மாறி ஓடினோம். அது போகட்டும்.

இந்த நோன்பு முழுவதும் கஞ்சியை அதில்தான் காய்ச்சினேன். அரிசி, மாட்டிறைச்சி, உள்ளி (வெள்ளைப்பூண்டு), இஞ்சி, வெந்தயம், ரம்பை, கடைசியில் தேங்காய்ப்பால். முப்பது நாளும் அதே குக்கர். பெருநாளுக்கு முதல்நாள் இரவு, பன்னிரண்டு முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்துக் கலக்கிய வட்டிலப்பத்தையும் அதிலேயே ஆவியில் வைத்தேன். நன்றாக இறுகி, மேலே முந்திரிகை மிதந்து, பார்க்க அழகாக வந்தது. காலையில் மாமி ஒரு கரண்டி வாயில் வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மகள், இது வட்டிலப்பமா, மிஞ்சிய கஞ்சியா?" என்று கேட்டார்.

நானும் வாயில் வைத்தேன். கருப்பட்டிக்குப் பின்னால் உள்ளியும் இறைச்சியும்.

மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி மோந்தால் மணக்கிறது. சட்டி கழுவும் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினேன். தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன். ஓர் இரவு அப்பச்சோடாத் தண்ணீரில் ஊறவிட்டேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் வாசம் செத்துவிடும் என்று ஒருவர் சொன்னார், அதையும் செய்தேன். எடுத்தவுடன் வாசமே இல்லை. குக்கரைச் சூடாக்கியதும் கஞ்சி திரும்பி வந்துவிட்டது. என்ன செய்வது?


கல்லடிக்காற்று (கல்லடி)
வெள்ளி, இரவு 10.15

ராத்தா, உங்களுக்குக் கஞ்சி, எனக்குக் கருவாடு. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். வியாழன் இரவு கருவாட்டுக் குழம்பு வைத்த அதே குக்கரில் வெள்ளி காலை சர்க்கரைப் பொங்கல் வைத்தால், சாமிக்குப் படைக்கக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு வாடை வரும்.

நான் கண்டது ஒன்று: வளையத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் மஞ்சள் கறை போய்விடுகிறது. கறி மஞ்சளில் மஞ்சளாகியிருந்த வளையம் பால் நிறத்துக்குத் திரும்பியதைப் பார்த்து வெற்றி என்று நினைத்தேன். நிறம் போனது, வாடை பாதிதான் போனது. ஆனாலும் வெயில் தவிர வேறெதுவும் எனக்கு இவ்வளவு உதவவில்லை. எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமா?


வாழைச்சேனைவலை (வாழைச்சேனை)
வெள்ளி, இரவு 11.02

இதற்கெல்லாம் ஒரே மருந்து. ஒரு வாளியில் அப்பச்சோடாவைக் கொட்டி, அதன்மேல் வினாகிரியை ஊற்றுங்கள். பொங்கும் பாருங்கள், அந்த நுரையில் எந்த அழுக்கும் நிற்காது. வளையத்தை அதில் போட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள். காலையிலும் மணந்தால் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சில் ஒரு மூடி அதே வாளியில் ஊற்றுங்கள். எங்கள் படகுப் பெட்டிகளின் மீன் வாடை அதில்தான் போகிறது.


கரும்பலகை (களுவாஞ்சிகுடி)
சனி, காலை 6.20

வாழைச்சேனைத் தம்பி சொன்ன இரண்டாவது பகுதியை யாரும் செய்ய வேண்டாம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். வினாகிரி ஓர் அமிலம். பிளீச் அமிலத்துடன் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். கதவு மூடிய குசினியில் அது மூச்சுக்கு ஆபத்து. படகுப் பெட்டியைத் திறந்த கரையில் கழுவுவதும், வீட்டுக்குள் வாளியில் கலப்பதும் ஒன்றல்ல. வினாகிரி இல்லாமல் பிளீச்சை மட்டும் ஊற்றினாலும், அது துருப்பிடிக்காத உருக்கில் சிறு சிறு குழிகளை ஏற்படுத்தும். அதன் வாசம் வளையத்தில் ஏறிவிட்டால் கஞ்சி வாசமே மேல் என்றாகிவிடும்.

முதல் பகுதிக்கு வருகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தவன், இந்த நுரையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். அப்பச்சோடா காரத்தன்மை கொண்டது, வினாகிரி அமிலம். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நுரையாக வெளியேறுவது காபனீரொட்சைட்டு. மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று என்ற உப்புக் கரைந்த தண்ணீர். அதற்கு அமில வேலையும் தெரியாது, கார வேலையும் தெரியாது. அடைத்த குழாயில் நுரை அழுக்கை அசைத்துத் தரலாம். வளையத்தில் ஒன்றும் நடக்காது. தனித்தனியாகப் பயன்படுத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இனி, ஏன் சோப்புக்குப் போகவில்லை என்று பார்ப்போம். மகள், நீங்கள் ரப்பர் என்று சொல்லும் அந்த வளையம் மரத்துப் பாலில் செய்த ரப்பர் அல்ல, சிலிக்கோன். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. சூட்டைத் தாங்கும், 200 பாகை செல்சியசிலும் உருகாது. அதனால்தான் மூடிக்கு அதைப் போடுகிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை அல்ல. இடையில் நிறைய இடைவெளி. தண்ணீருக்கு அதனோடு ஒட்டாது, எண்ணெய்க் குணமுள்ள சிறு மூலக்கூறுகளுக்கு அது தாய்வீடு. உள்ளியின் மணம் கந்தகச் சேர்வைகளால் வருவது, அவை எண்ணெயில் கரைபவை. இறைச்சிக் கொழுப்பும் அப்படித்தான். அழுத்தமும் சூடும் சேர்ந்தால் அவை வளையத்தின் மேலே அல்ல, உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. நீங்கள் சோப்புப் போட்டுத் தேய்ப்பது மேல் தோலை. ஆள் வீட்டுக்குள் இருக்கிறார், நீங்கள் வாசல் கூட்டுகிறீர்கள்.

ஐஸ் பெட்டி ஏன் ஏமாற்றியது என்பதும் இதிலேயே இருக்கிறது. குளிரில் அந்த மூலக்கூறுகள் நகர மறுத்து உள்ளேயே கிடந்தன. சூடேறியதும் வெளியே வந்து ஆவியோடு கலந்தன. அந்த ஆவி உங்கள் வட்டிலப்பத்தின்மேல் படிந்தது. தேங்காய்ப்பாலிலும் முட்டையிலும் கொழுப்பு அதிகம். வாசத்தைப் பிடித்துவைக்க அவற்றைவிட நல்ல பொறி கிடையாது.

ஆகவே, உள்ளே போனதைச் சூட்டால்தான் வெளியே எடுக்க வேண்டும். உள்பாத்திரத்தில் இரண்டு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை வினாகிரி. மூடி, அழுத்தத்தில் மூன்று நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கியதும் வளையத்தை உடனே கழற்றி, கல்லடித் தங்கை சொன்னதுபோல் வெயிலில், காற்றுப்படும் இடத்தில் போடுங்கள். இதில் வேலையின் பெரும்பங்கு ஆவிக்கும் காற்றுக்கும்தான். வினாகிரிக்குக் கிடைக்கும் பெயர் கொஞ்சம் அதிகம். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

மஞ்சள் கறை போனதைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அதனால் வெயில் அதை அழிக்கிறது. வாசம் அப்படிச் சிதைவது குறைவு. அது மெல்ல ஆவியாகித்தான் போக வேண்டும். நிறம் போனதை வைத்து வாசத்தை அளக்காதீர்கள்.


வாழைச்சேனைவலை (வாழைச்சேனை)
சனி, காலை 8.47

சேர், மன்னிக்கவும். பிளீச் பற்றி எனக்கு அது தெரியாது. படகுப் பெட்டிக்கு நாங்கள் வினாகிரி சேர்ப்பதில்லை, அதனால் தப்பினோம் போலிருக்கிறது. மேலே எழுதியதை அழிக்க முயன்றேன், முடியவில்லை. யாரும் செய்ய வேண்டாம்.


சட்டிபானை (ஆரையம்பதி)
சனி, காலை 10.30

எல்லோரும் சிலிக்கோன் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் அம்மம்மாவின் குசினியில் மூன்று மண்சட்டிகள் இருந்தன. ஒன்று மீனுக்கு, ஒன்று மரக்கறிக்கு, ஒன்று பாலுக்கு. மீன்சட்டி அடுப்படியின் வலது மூலையில் கவிழ்ந்திருக்கும். பால்சட்டி உறியில். யாராவது சிறுவர் மாற்றி எடுத்தால் அகப்பைக்காம்பு முதுகில் விழும். மண்சட்டி வாசத்தைக் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிட்டுக்குழலும் அப்படித்தான், மூங்கில் குழலைக் கறிப்பானையின்மேல் வைக்க விடமாட்டார்.

ராத்தா, நீங்கள் முப்பது நாள் மீன் வைத்த சட்டியில் பால் காய்ச்சியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மட்டக்களப்பில் எதற்கெடுத்தாலும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்கிறோம். கஞ்சியும் வட்டிலப்பமும் அப்படிச் சேருபவை அல்ல. குக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு விறகடுப்புக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் என் மனைவி இந்த இழையைப் படிக்கிறாள்.


வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
ஞாயிறு, மாலை 5.10

சேர், சொன்னபடி இரண்டு தடவை ஆவியில் விட்டு, இரண்டு நாள் கொடியில் உடுப்புக் கவ்வியால் மாட்டிக் காயவிட்டேன். அயலில் உள்ளவர்கள் அதென்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். வாசம் நன்றாகக் குறைந்திருக்கிறது. வளையத்தை மூக்கோடு ஒட்டி மோந்தால்தான் தெரிகிறது.

ஆனால் இன்று வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். ஆவி வெளியேறும்போது மீண்டும் அதே கஞ்சி! முதல் நாளைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு கிண்ணம் பாலை வைத்து எடுத்துக் குடித்தேன், பாலிலும் இருக்கிறது. எனக்கு அழுகை வருகிறது. வளையம் இவ்வளவு சுத்தமாகிவிட்ட பிறகும் எப்படி?


திருகாணி (அக்கரைப்பற்று)
ஞாயிறு, இரவு 8.55

நான் மின் உபகரணம் திருத்துபவன். மேலே எழுதிய எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லோரும் வளையத்தின் பின்னாலேயே ஓடுகிறீர்கள். சேர் சொன்னது சரி, ஆனால் திருடன் ஒருவன் அல்ல.

என்னிடம் வாசம் என்று வரும் குக்கர்களில் மூடியைத் திருப்பி முதலில் பார்ப்பது ஆவித்துவாரத்தின் அடிப்பக்கம். அங்கே சிறிய உலோகத் தொப்பி ஒன்று இருக்கும், பக்கமெல்லாம் துளை. சோறோ பருப்போ துவாரத்தை அடைக்காமல் இருக்கவே அது. பெரும்பாலானவர்கள் அதை மூடியோடு ஒட்டியது என்று நினைக்கிறார்கள். ஒட்டியது அல்ல. பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்தித் தூக்கினால் கழன்றுவிடும். சில மாதிரிகளில் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் கத்தி, திருகாணிச் செலுத்தி எதையும் விட்டு நெம்பாதீர்கள். கழுவிய பின் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாமல் கஞ்சி காய்ச்சினால் துவாரம் அடைத்துக்கொள்ளும், அது விளையாட்டு அல்ல.

பிறகு மூடியில் மேலும் கீழும் அசையும் சிறு ஊசி, அழுத்தம் ஏறினால் உயர்ந்து நிற்குமே, அது. அதன் அடியில் பட்டாணி அளவில் ஒரு சிலிக்கோன் தொப்பி இருக்கும். அதுவும் பெரிய வளையத்தின் தம்பிதான், அதே குணம்.

பிறகு வளையத்தைத் தாங்கும் கம்பியின் அடிப்பக்கம். பிறகு மூடி வந்து உட்காரும் வெளிவிளிம்பில் உள்ள வாய்க்கால். தேங்காய்ப்பால் பொங்கினால் நேரே அங்கேதான் போகும். அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது; இணைப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியைப் பழைய பல் துலக்கும் பிரஷில் சுற்றி விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். வெளியே வரும் துணியைப் பார்த்து நீங்களே என்னைத் தேடி வருவீர்கள்.

கடைசியாக, குக்கரின் பின்பக்கம் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மாட்டியிருக்கும். மூடியிலிருந்து வடியும் தண்ணீர் அதில் சேரும். அதை வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் கழற்றாத வீடுகளை எண்ண என்னிடம் விரல் போதாது. ஒரு வீட்டில் அதற்குள் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்து, தொட்டால் வழுவழுத்தது. அவர்கள் மூன்று வளையம் வாங்கி மாற்றியிருந்தார்கள்.

எது திருடன் என்று கண்டுபிடிக்க ஒரு வேலை செய்யுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள் நான்கு எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் போத்தலில் போட்டு இறுக மூடி, ஒரு மணிநேரம் வெயிலில் வையுங்கள். வளையம் பெரியது என்பதால் ஐஸ்கிறீம் பெட்டியில் போடலாம், பெட்டியில் பழைய வாசம் இருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பாருங்கள்.


கரும்பலகை (களுவாஞ்சிகுடி)
ஞாயிறு, இரவு 9.30

போத்தல் சோதனை மிக நன்று. ஒரு திருத்தம்கூட இல்லை. இதை முன்பே அறிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குச் செய்முறைப் பாடமாக வைத்திருப்பேன்.


வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
திங்கள், பிற்பகல் 2.25

திருகாணித் தம்பி, உங்கள் கையைக் காட்டுங்கள், முத்தமிட வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள்.

மூன்று போத்தல், ஒரு பெட்டி. வளையம் இருந்த பெட்டி: லேசான வாசம். ஊசியின் சிறு தொப்பி: கொஞ்சம். பின்பக்கக் கிண்ணம்: புளித்த வாசம், ஆனால் கஞ்சி அல்ல. கடைசிப் போத்தலைத் திறந்ததும் தலையைப் பின்னால் இழுத்துவிட்டேன். அந்த உலோகத் தொப்பி! நான்கு ஆண்டுக்கு மேலாக அது கழலும் என்றே எனக்குத் தெரியாது. காலையில் கழற்றியபோது 'டிக்' என்று சிறு ஓசை. உள்ளே துளைகளின் ஓரமெல்லாம் கபில நிறத்தில் பசைபோல ஏதோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், மெழுகுபோல் சுருண்டு வந்தது. தேங்காய்ப்பாலும் இறைச்சிக் கொழுப்பும் அரிசிப் பசையும் வெந்து வெந்து உறைந்த ஒன்று. எத்தனை நோன்புக் கஞ்சி அதற்குள் இருந்ததோ, அல்லாஹ் அறிவான்.

இதையா நான் மாமியின் பிள்ளைகளுக்கு ஆவியில் கொடுத்தேன் என்று நினைத்து ஒரு நேரம் உட்கார்ந்துவிட்டேன். சுடுதண்ணீரில் அப்பச்சோடா போட்டு (வினாகிரி சேர்க்கவில்லை சேர்!) ஊறவிட்டு, பிரஷால் தேய்த்துவிட்டேன். கண்ணாடிபோல் இருக்கிறது.


கரும்பலகை (களுவாஞ்சிகுடி)
திங்கள், மாலை 4.00

அப்பச்சோடா அங்கே பொருத்தமான தேர்வு. காறிப்போன கொழுப்பில் அமிலங்கள் உண்டாகும், மெல்லிய காரம் அவற்றைக் கரைத்து எடுக்கும். உலோகம் வாசத்தை உள்ளே விடாது, மேலே ஒட்டியதைத் தேய்த்துவிட்டால் கதை முடிந்தது. சிலிக்கோனுக்குத்தான் அந்த வரம் இல்லை.


மாசிச்சம்பல் (மட்டக்களப்பு நகர்)
திங்கள், இரவு 7.18

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் குக்கர் இல்லை, கிரைண்டர். மாசிக்கருவாடு இடித்துச் சம்பல் அரைத்த சிறு ஜாரில் அடுத்த நாள் மாம்பழச் சாறு அடித்தால் கடல் மணக்கிறது. ஜாருக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு வளையம் இருக்கிறதே, அதுதானா?


கரும்பலகை (களுவாஞ்சிகுடி)
திங்கள், இரவு 8.05

அதுவும், அதன் கீழே தேங்கும் ஈரமும். கத்தியைத் திருகிக் கழற்ற முடிந்தால் ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுங்கள்.

உங்கள் வாடைக்கு ஒரு சலுகை இருக்கிறது. கடல்மீன் வாடையின் பெரும்பகுதி டிரைமெத்திலமைன் என்ற பொருளால் வருவது. அது காரம். அமிலம் பட்டால் உப்பாக மாறி ஆவியாவதை நிறுத்திவிடும், தண்ணீரோடு போய்விடும். மீன்கறிக்குப் பழப்புளியோ கொறுக்காயோ விட்டதும் வாடை அடங்குவது இதனால்தான், எங்கள் பாட்டிகள் இரசாயனவியல் படிக்காமலேயே செய்தது. ஆகவே மீனுக்குத் தேசிக்காயும் வினாகிரியும் உண்மையிலேயே வேலை செய்யும். வளையத்தைத் தேசிக்காய்த் தண்ணீரில் அரைமணிநேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வட்டிலப்பக்கார மகளுக்கு அது பலிக்காததற்குக் காரணம், அவருடையது உள்ளியும் கொழுப்பும். உள்ளிக்கு அமிலம் ஒரு பொருட்டல்ல.


கல்லடிக்காற்று (கல்லடி)
திங்கள், இரவு 9.12

சேர், சிரட்டைக்கரி? என் மாமியார் பிரிட்ஜ் வாடைக்குக் கரித்துண்டு வைப்பார். சிரட்டைக்கரியில் செய்த வடிகட்டிப் பொருளை நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.


கரும்பலகை (களுவாஞ்சிகுடி)
திங்கள், இரவு 9.50

அனுப்புகிறார்கள், உண்மை. ஆனால் அது அடுப்பிலிருந்து எடுத்த கரி அல்ல. மிகுந்த சூட்டில் நீராவி செலுத்திப் பதப்படுத்தி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கிய கரி. அடுப்புக்கரிக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு, கொஞ்சம்தான். பிரிட்ஜின் காற்றில் உலாவும் வாசத்தைப் பிடிக்கலாம். வளையத்துக்குள் இருப்பதை அது கூப்பிட்டால் வராது.


கேக்வீடு (கல்முனை)
செவ்வாய், காலை 11.20

நான் கேக் செய்து விற்பவள். சிலிக்கோன் அச்சுகளில் வாசம் ஏறினால் வெறுமையாக ஓவனில் 120 பாகையில் இருபது நிமிடம் வைத்து எடுப்பேன். அச்சுகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. குக்கர் வளையத்துக்கும் செய்யலாமா?


திருகாணி (அக்கரைப்பற்று)
செவ்வாய், இரவு 7.40

அச்சு வேறு, வளையம் வேறு. அச்சு கொஞ்சம் வளைந்தால் கேக் கோணலாக வரும், அவ்வளவுதான். வளையத்தின் அளவு சற்று மாறினாலும் ஆவி கசியும், அழுத்தம் ஏறாது. சிலிக்கோன் அந்தச் சூட்டைத் தாங்கும் என்பது சரிதான், ஆனால் அந்த வளையத்தைச் செய்தவர்கள் தங்கள் கைநூலில் ஓவனில் வைக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே வையுங்கள். நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

நேரே சொல்கிறேன்: வளையம் தேயும் பொருள். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் மாற்ற வேண்டியது. வெடிப்பு, தளர்வு, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிவு கண்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். நிந்தவூர் அக்காவின் வளையம் வாங்கிய நாளிலிருந்து மாறவில்லை என்று எண்ணுகிறேன். இரண்டு வாங்குங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பு கறிக்கும் கஞ்சிக்கும், வெள்ளை இனிப்புக்கும் பாலுக்கும் வெறும் சோற்றுக்கும். சட்டிபானை அண்ணனின் அம்மம்மா செய்ததையே செய்கிறோம், சட்டிக்குப் பதிலாக வளையம்.

வாங்கும்போது பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஐந்து, ஆறு லீட்டருக்குப் பெரும்பாலும் 22 சென்டிமீட்டர் என்பார்கள், அது உள்விட்டம். வெளிவிட்டத்தை அளந்து வந்து 24 வாங்கிப் போய்த் திரும்ப வந்தவர்கள் நிறையப் பேர். எண்ணை நம்பாமல் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தடிப்பையும் பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

வளையத்துக்கு எண்ணெய் பூசுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். வாசத்துக்கு நீங்களே வாசல் திறந்து கொடுப்பது அது.

குக்கரைப் பயன்படுத்தாதபோது மூடியைப் பூட்டி வைக்காதீர்கள். தலைகீழாக, சும்மா மேலே வையுங்கள். மூடிய இருட்டில் ஈரமும் வாசமும் சேர்ந்து குடும்பம் நடத்தும்.

இன்னொன்று, தலைப்புக்குச் சம்பந்தமில்லை. கட்டாரிலிருந்து வந்தது என்பதால் தப்பினீர்கள். அங்கே 240 வோல்ட், நமக்கு 230. கனடாவிலிருந்து 120 வோல்ட் குக்கரைக் கொண்டுவந்து இங்கே செருகிவிட்டு, புகை வந்த பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்த வாசத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.


சட்டிபானை (ஆரையம்பதி)
செவ்வாய், இரவு 8.15

அம்மம்மா இருந்திருந்தால் சிவப்பு வளையத்தை வலது மூலையில் தொங்கவிட்டிருப்பார். என் மனைவி இரண்டு வளையத்துக்குச் சொல்லிவிட்டாள். விறகடுப்புப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.


வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
புதன், இரவு 9.05

கல்முனையில் இரண்டு வளையம் வாங்கிவிட்டேன். ஒரு கிலோ மாட்டிறைச்சியின் விலைகூட இல்லை. முதல் கடையில் உண்மையாகவே "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள்! அடுத்த கடைக்குப் போனேன். சிவப்பு கிடைக்கவில்லை, நீலமும் வெள்ளையும். புதிய வளையங்களைப் பொருத்தி ஒவ்வொரு தடவை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்தேன், புதுப் பொருளின் வாசம் போவதற்கு. பழைய வளையத்தை வீசவில்லை. குறையில்லை என்றாலும் பயன்படுத்தப் போவதில்லை, திருகாணித் தம்பி ஏசுவார். பிள்ளைகள் அதை வீசி விளையாடுகிறார்கள்.


வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
இரண்டு மாதத்துக்குப் பிறகு, வியாழன், காலை 10.30

இழை அடியில் போய்விட்டது, தேடி எடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் நேற்று.

நடுவில் ஒரு விபத்து நடந்தது. என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று வெள்ளை வளையத்தை மாட்டிச் சுறா அவித்துவிட்டார். வறைக்காம். நீலம் எதற்கு, வெள்ளை எதற்கு என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன், அதற்குக் கீழே நின்றுகொண்டே செய்தார். சேர் சொன்ன மீன் வாடைப் பாடம் நினைவுக்கு வந்தது. தேசிக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு தடவை வினாகிரி ஆவி, மூன்று நாள் கொடியில். ஒரே ஒரு தடவை அவித்தது என்பதால் முழுவதும் போய்விட்டது. போத்தல் சோதனையும் செய்தேன், என் மகளை மோக்க வைத்தேன், அவளுக்கு நாய் மூக்கு. ஒன்றும் இல்லை என்றாள்.

முந்தாநாள் இரவு வட்டிலப்பம். வெள்ளை வளையம், கழுவிய தொப்பி, காலியான பின்பக்கக் கிண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே பாத்திரத்தின் வாயை அலுமினியத் தாளால் இறுக்கிக் கட்டினேன். ஆவி மேலே படவே விடவில்லை. காலையில் மாமிக்கு முதல் கரண்டி. நான் குசினி வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"சாதிக்காய் கொஞ்சம் கூடிவிட்டது" என்றார்.


கல்லடிக்காற்று (கல்லடி)
வியாழன், காலை 11.15

ராத்தா, பன்னிரண்டு முட்டைக்குக் கருப்பட்டி எவ்வளவு? எனக்கு எப்போதும் அடியில் தண்ணீர் பிரிந்துவிடுகிறது.


வட்டிலப்பக்காரி (நிந்தவூர்)
வியாழன், காலை 11.40

அதற்குத் தனி இழை திறவுங்கள் தங்கச்சி, இங்கே எழுதினால் சேர் முட்டையின் இரசாயனவியலைத் தொடங்கிவிடுவார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அழுத்தம் கூடினால் பிரியும், குறைந்த அழுத்தத்தில் வையுங்கள்.